மாற்றியமைத்த பனோரமா ஃபிலிம் கேமராவில் உருத்திரிபு: காரணம் கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

லின்ஹோஃப் டெக்னோரமா, ஃபுஜி ஜிஎக்ஸ் 617, ஹாசல்பிளாட் எக்ஸ்பான் போன்ற பனோரமா ஃபிலிம் கேமராக்கள் இன்று பழைய பொருளாகத்தான் கைமாறுகின்றன. விலையோ கையைக் கடிக்கிறது. ஆகவே பலர் கையில் இருப்பதை மாற்றியமைத்துக்கொள்கிறார்கள். 6×7 செ.மீ. சட்டம் எடுக்கும் கேமராவுக்குள் 35 மி.மீ. ஃபிலிமை ஓட்டி நீண்ட சட்டம் எடுப்பது ஒரு வழி. பெரிய வடிவக் கேமராவுக்கென்று செய்யப்பட்ட லென்ஸை, முப்பரிமாண அச்சிலோ லேத் பட்டறையிலோ செய்த பெட்டியில் பொருத்தி, அகலமான 120 ரோல் ஃபிலிமில் 6×12 அல்லது 6×17 செ.மீ. சட்டம் எடுப்பது இன்னொரு வழி. பழுதாகிக் கிடந்த சுழல்லென்ஸ் கேமராவைப் பிரித்துச் சீர்செய்து பயன்படுத்துவோரும் உண்டு. ஓசூரில் துல்லியமாகக் கடைந்து தரும் சிறு பட்டறைகள் நிறைய இருப்பதால், இந்த வேலை நம் பகுதியில் மற்ற ஊர்களைவிடச் சற்று எளிது.

இப்படிச் செய்த கேமராவில் முதல் ரோல் கழுவி வந்ததும் எழும் புகார், லென்ஸ் படத்தை வளைக்கிறது என்பதுதான். உடனே வேறு லென்ஸ் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அது அவசரம். படத்தில் தெரியும் கோணல் மூன்று தனித்தனி இடங்களிலிருந்து வரலாம்: விரிந்த காட்சியைத் தட்டையான பரப்பில் இறக்கும் வடிவியல், பெட்டியிலும் ஃபிலிம் பாதையிலும் உள்ள கட்டுமானப் பிழை, லென்ஸின் ஒளியியல் குறை. முதலாவது எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் போட்டாலும் போகாது. இரண்டாவது லென்ஸை மாற்றினாலும் அப்படியே நிற்கும். மூன்றாவதற்கு மட்டுமே லென்ஸ் பொறுப்பு. இந்த மூன்றையும் பிரித்தறியும் வரிசையிலேயே கீழே உள்ள படிகள் அமைந்துள்ளன.

படி 1: கேமராவின் வடிவியலை அறிந்துகொள்ளுதல்

ஃபிலிம் தட்டையாக இருந்து லென்ஸும் அசையாமல் இருந்தால், அது நேர்கோட்டை நேர்கோடாகவே காட்ட முயலும் கேமரா. 6×17 சட்டத்தின் உண்மையான அகலம் ஏறத்தாழ 168 மி.மீ., உயரம் 56 மி.மீ. இதில் 90 மி.மீ. லென்ஸ் போட்டால் பக்கவாட்டுக் கோணம் சுமார் 86 டிகிரி, அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 43 டிகிரி. 72 மி.மீ. லென்ஸில் அதுவே கிட்டத்தட்ட 99 டிகிரியாகிறது.

இவ்வகைக் கேமராவில் கட்டடம் நேராக நிற்கும். மனிதர்கள் பருத்துப் போவார்கள். ஃபிலிமுக்கு இணையாக ஒரே வரிசையில் நிற்பவர்களை எடுத்தால், எல்லோருடைய தலையும் ஒரே உயரத்தில் பதியும். அகலம் மட்டும் நடுவிலிருந்து விலக விலகக் கூடும். கூடும் அளவு, அந்தக் கோணத்தின் கொசைனால் ஒன்றை வகுத்தால் கிடைப்பது: 30 டிகிரியில் 1.15 மடங்கு, 43 டிகிரியில் 1.37 மடங்கு. ஒகேனக்கல்லில் பரிசல் ஒன்று சட்டத்தின் ஓரத்தில் வந்து, அதில் பரிசல்காரர் நம்மைப் பார்த்து நின்றால், அவருடைய முகம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அகன்று பதியும். லென்ஸ் இங்கே தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கோளத்தைத் தட்டையில் நேர்க்கோட்டு முறையில் இறக்கினால் அது நீள்வட்டமாகத்தான் விழும். ஊசித்துளைக் கேமராவில்கூட, அதாவது லென்ஸே இல்லாதபோதும், இதே விளைவைக் காணலாம். ஆகவே முகம் பருத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு லென்ஸின் தரத்தை எடைபோடக் கூடாது.

சுழல்லென்ஸ் கேமராக்களின் கணக்கு வேறு. ஹொரைசன் 202 கேமராவில் 28 மி.மீ. லென்ஸ் ஒரு உருளைக்குள் இருந்து சுழல, ஃபிலிம் அதைச் சுற்றி வளைந்து நிற்கிறது. 120 டிகிரி காட்சி 58 மி.மீ. நீளத்தில் பதிகிறது. இதில் ஓரத்து முகம் பருக்காது. அதற்குப் பதிலாகக் கிடைமட்டக் கோடுகள் வளையும். கிருஷ்ணகிரி அணையின் மதகு வரிசையை நேரெதிரே நின்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மதகுகளின் மேல்விளிம்பு படத்தின் நடுவில், அடிவான மட்டத்திலிருந்து 8 மி.மீ. உயரத்தில் பதிந்தால், 60 டிகிரி விலகிய இடத்தில் அதே விளிம்பு 4 மி.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும், ஏனெனில் உயரம் கோணத்தின் கொசைனுக்கு ஏற்பக் குறைகிறது. கேமராவின் கண்மட்டத்தில் உள்ள கோடு மட்டுமே நேராக நிற்கும். கேமராவைச் சற்று மேலே சாய்த்தால் அடிவானம் நடுவில் தொய்ந்து கிண்ணம்போல் ஆகும். கீழே சாய்த்தால் நடுவில் புடைத்து மேடாகும். இந்த இரண்டு அடையாளங்களையும் மனத்தில் வைத்திருந்தால், சாய்த்துப் பிடித்ததன் விளைவையும் உருளை வடிவியலின் விளைவையும் குழப்பிக்கொள்ள மாட்டோம்.

சுழல்லென்ஸில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. லென்ஸோடு சுழலும் ஒடுங்கிய பிளவு படத்தைப் பகுதி பகுதியாகப் பதிப்பதால், தொப்பூர் கணவாயில் லென்ஸ் வருடும் திசையிலேயே செல்லும் லாரி நீண்டும், எதிர்த்திசையில் வரும் லாரி சுருங்கியும் பதியும். இதற்கு மருந்து கிடையாது, விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

படி 2: பெட்டியைச் சோதித்தல்

மாற்றியமைத்த கேமராவில் பெரும்பாலான தொல்லைகள் இங்கேதான் இருக்கின்றன. ஆகவே இதில் நேரம் செலவிடத் தயங்கக் கூடாது.

முதலில் ஃபிலிம் தங்கும் தண்டவாளங்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்குத் தட்டையான ஒரு பரப்பு தேவை. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதற்கு அலையவே வேண்டாம். கிரானைட் பாலிஷ் செய்யும் இடங்களில் வெட்டிக் கழித்துப் போட்ட துண்டு ஒன்று போதும். அளவுக்கூடத்தில் உள்ள கல்மேடையின் துல்லியம் அதற்கு இருக்காது என்றாலும் இந்த வேலைக்குத் தாராளம். லென்ஸையும் பின்மூடியையும் கழற்றிவிட்டு, தண்டவாளங்கள் கல்லின் மேல் படும்படி பெட்டியைக் கவிழ்த்து வைத்து, நான்கு மூலைகளிலும் நீண்ட பக்கத்தின் நடுவிலும் ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) 0.1 மி.மீ. தகடு நுழைகிறதா என்று பாருங்கள். முப்பரிமாண அச்சில் வந்த பெட்டிகளில் நீண்ட பக்கத்தின் நடுப்பகுதி வளைந்திருப்பது சாதாரணம். கல்லின் மேல் மெல்லிய உப்புத்தாளை ஒட்டி, பெட்டியைச் சீராக எட்டு வடிவில் தேய்த்தால் அது சரியாகும். மே மாதத்தில் மூடிய காருக்குள் பெட்டியை விட்டுச்சென்றால், செய்த வேலை முழுவதும் வீணாகும்; முப்பரிமாண அச்சில் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்கிவிடும்.

அடுத்தது லென்ஸ் பலகையும் ஃபிலிம் தளமும் இணையாக இருக்கின்றனவா என்பது. நான்கு மூலைகளில் டெப்த் கேஜ் வைத்து அளக்கலாம். அதைவிட நுட்பமானது கண்ணாடி முறை: தண்டவாளத்தின் மேல் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டை வைத்து, நடுவில் ரசத்தைச் சிறு வட்டமாகச் சுரண்டிய இன்னொரு கண்ணாடியை லென்ஸ் பலகையின் மேல், முகப்பு உள்நோக்கி இருக்குமாறு வைத்து, சுரண்டிய துளைவழியே பாருங்கள். இரண்டு கண்ணாடிகளும் இணையாக இருந்தால் பிம்பங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடுப்பட்டுத் தெரியும். இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வளைந்து ஓடும். பலகைக்கு அடியில் மெல்லிய பித்தளை ஷிம் (இடைத்தகடு) வைத்து இதைச் சரிப்படுத்தலாம்.

மூன்றாவது, ஃபிலிம் தட்டையாக நிற்கிறதா என்பது. 6×7 கேமராவில் 35 மி.மீ. ஃபிலிம் ஓட்டுபவர்கள் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும். அந்தக் கேமராவின் தண்டவாளங்கள் 120 ஃபிலிமின் அகலத்துக்கு அமைந்தவை, 35 மி.மீ. ஃபிலிமின் இரு விளிம்புகளும் அவற்றைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பின்புறம் ஃபிலிமை அழுத்தும் தகடான பிரஷர் பிளேட் தள்ள, முன்புறம் தாங்க ஒன்றுமில்லாமல் ஃபிலிம் லென்ஸை நோக்கிப் புடைத்துவிடும். 36 மி.மீ. இடைவெளியுள்ள ஒரு உள்சட்டத்தை மெல்லிய தகட்டில் வெட்டிப் பொருத்துவதுதான் தீர்வு என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஃபிலிமின் அகலமே 35 மி.மீ. என்பதால் அதுவும் தாங்காது. துளைகளுக்கு வெளியே உள்ள ஓரங்களைத் தாங்கும்படி இடைவெளி 33 மி.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும். தகட்டின் தடிமன் அளவுக்கு ஃபிலிம் பின்னுக்குப் போகும் என்பதால், ஃபோக்கஸையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

ஃபிலிம் புடைத்தால் தெளிவு மட்டும்தான் கெடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வடிவமும் கெடும். நடுவிலிருந்து 50 மி.மீ. தள்ளிய ஓர் இடத்தில், 90 மி.மீ. லென்ஸின் கீழ் ஃபிலிம் அரை மில்லிமீட்டர் முன்னே வந்தால், அங்கே பதியும் புள்ளி 0.28 மி.மீ. உள்நோக்கி நகர்ந்துவிடும். 2400 டிபிஐ ஸ்கேனில் இது ஏறத்தாழ 26 பிக்சல். லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரை எஃப் 22க்குச் சுருக்கினால் தெளிவு திரும்பிவிடும். இந்த நகர்வு மட்டும் திரும்பாது. அதனால்தான் கூர்மையான படத்திலும் கோடு அலைபோல் நெளிகிறது.

படி 3: முடிவிலி ஃபோக்கஸ்

சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடியை, தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி தண்டவாளத்தில் வைத்து, அபெர்ச்சரை முழுவதும் திறந்து, தொலைவில் உள்ள கூரிய விளிம்பு ஒன்றை உருப்பெருக்கியால் பார்த்து ஷிம்களைச் சரிசெய்ய வேண்டும். கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்குச் சையத் பாஷா மலையின் பாறை விளிம்பு இதற்கென்றே நிற்கிறது. நடுவில் பார்த்ததோடு நிறுத்தாமல் இரண்டு ஓரங்களிலும் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மங்கினால், படி 2க்குத் திரும்ப வேண்டும்.

படி 4: தூக்குக்குண்டுச் சோதனை

லென்ஸின் வளைவை அளக்க உண்மையிலேயே நேரான ஒன்று தேவை. சுவர் நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. கிடைமட்டமாக இழுத்துக் கட்டிய நூலும் தன் எடையால் தொய்யும். தொங்கவிட்ட நூல் மட்டுமே நேர். கேமரா அளவீட்டு முறைகளை வகுத்த டுவேன் பிரவுன் 1971இல் வெளியிட்ட கட்டுரையிலும் தூக்குநூலைத்தான் பயன்படுத்தினார். நம் கொத்தனார்கள் கையில் எப்போதும் இருக்கும் கருவி அது.

மாடி வீட்டின் கைப்பிடிச் சுவரிலிருந்து ஐந்தாறு வெள்ளை நூல்களைச் சம இடைவெளியில் தொங்கவிட்டு, பின்னால் கருப்புத் துணி கட்டுங்கள். தூக்குக்குண்டுகளைத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் அமிழும்படி விட்டால் காற்றில் ஆடுவது அடங்கும். பனோரமா சட்டத்தின் நீண்ட பக்கத்தைத்தான் சோதிக்க வேண்டும் என்பதால், கேமராவை 90 டிகிரி திருப்பி நெட்டுக்குத்தாக முக்காலியில் பொருத்துங்கள். 90 மி.மீ. லென்ஸுள்ள 6×17 கேமரா, 3 மீட்டர் தூரத்தில் 5.6 மீட்டர் உயரத்தைப் பார்க்கும்; அவ்வளவு உயரம் கிடைக்காவிட்டால் 1.5 மீட்டரில் 2.8 மீட்டர் நூல் போதும், ஆனால் அத்தூரத்துக்கு ஃபோக்கஸ் செய்ய வேண்டும். நூல்களில் ஒன்று சட்டத்தின் நீண்ட விளிம்பை ஒட்டியும், ஒன்று நடுவிலும் விழ வேண்டும். அதே அமைப்பில் ரோல் முழுவதையும் எடுத்துவிடுங்கள். 120 ரோலில் 6×17க்கு நான்கே சட்டங்கள்தான்.

கழுவிய பின், ஒளிப்பெட்டியின் மேல் நெகட்டிவை வைத்து எஃகு அளவுகோலை நூலின் பிம்பத்தோடு ஒட்டிப் பாருங்கள். விளிம்பு நூல் நடுவில் வெளிநோக்கிப் புடைத்து, எல்லாச் சட்டங்களிலும் ஒரே அளவில் இருந்தால் அது லென்ஸின் பீப்பாய்த் திரிபு. உள்நோக்கிக் குழிந்தால் அதற்கு எதிரான ஊசிமெத்தைத் திரிபு. இரண்டிலும் நடு நூல் நேராகவே இருக்கும். வளைவு சட்டத்துக்குச் சட்டம் மாறினால், அல்லது ஒரே நூல் இருமுறை நெளிந்தால், குற்றவாளி ஃபிலிம். நூல்கள் நேராகவே இருந்து ஒரு பக்கம் குவிந்தால், ஃபிலிம் தளம் செங்குத்தாக இல்லை என்று பொருள்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. லென்ஸ் மட்டும் சாய்ந்திருந்தால் நூல்கள் குவியாது. ஒரு பக்கம் மங்கும், அவ்வளவே. இணைகோடுகள் குவிவதைத் தீர்மானிப்பது ஃபிலிம் தளத்தின் நிலைதான். ஆகவே கேமராவின் மேல்தட்டில் ஒட்டிய ரசமட்டத்தை அப்படியே நம்பாமல், ஃபிலிம் தளத்தை ஒரு நல்ல ரசமட்டத்தால் செங்குத்தாக்கிக்கொண்டு, அந்த நிலையில் மேல்தட்டு மட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்படி ஒட்டவேண்டும்.

படி 5: லென்ஸைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டி குற்றமற்றது என்று தெரிந்த பிறகே இங்கே வர வேண்டும். முதல் கேள்வி பிம்ப வட்டம், அதாவது லென்ஸ் ஃபிலிம் தளத்தில் பதிக்கும் வட்டமான படத்தின் அளவு. 56×168 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் 177 மி.மீ.; லென்ஸ் தரும் வட்டம் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஷ்னைடர் சூப்பர் ஆங்குலான் 90 மி.மீ. எஃப் 8 லென்ஸ், எஃப் 22இல் சுமார் 216 மி.மீ. வட்டம் தருவதால் மேலே கீழே நகர்த்தவும் இடம் மிஞ்சும். அதே நிறுவனத்தின் பழைய ஆங்குலான் 90 மி.மீ. எஃப் 6.8, பெயரும் குவியத் தூரமும் ஒத்திருந்தாலும் இந்தச் சட்டத்தை மூடாது. விலை மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கி மூலைகள் கருத்து ஏமாந்துபோக வாய்ப்புண்டு. 6×12க்கு அது பொருந்தும்.

இரண்டாவது கேள்வி, லென்ஸ் சமச்சீர் அமைப்பா என்பது. அபெர்ச்சருக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே மாதிரியான கண்ணாடிகள் இருந்தால், முன்பாதி உண்டாக்கும் திரிபைப் பின்பாதி பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். பெரிய வடிவ அகலக்கோண லென்ஸ்கள் இவ்வகை. ஒற்றைலென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவில் ஃபிலிமுக்கு முன் உள்ள பிரதிபலிக்கும் கண்ணாடி தூக்கி இறங்க இடம் வேண்டும் என்பதால், லென்ஸைத் தள்ளி வைக்கும் ரெட்ரோஃபோக்கஸ் அமைப்பை ஆஞ்செனியூ நிறுவனம் 1950இல் கொண்டுவந்தது. அந்த அமைப்பு சமச்சீரற்றது. பீப்பாய்த் திரிபு அதன் உடன்பிறப்பு. பெட்டியை நீங்களே செய்யும்போது இடையில் அந்தப் பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லை. ஆகவே ரெட்ரோஃபோக்கஸ் லென்ஸை எடுத்து அதன் குறையைச் சுமக்க வேண்டிய தேவையும் இல்லை. என் பரிந்துரை எப்போதும் சமச்சீர் லென்ஸ்தான்.

பலகையில் துளையிடும்போது ஷட்டரின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கோப்பல் (Copal) 0 ஷட்டருக்கு 34.6 மி.மீ., கோப்பல் 1க்கு 41.6 மி.மீ.

படி 6: ஓரம் இருள்வது

இது உருத்திரிபு அல்ல என்றாலும் அதோடு சேர்ந்தே வரும். கோணத்தின் கொசைனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஒளி குறைகிறது என்பது பொதுவிதி. 43 டிகிரியில் இது 1.8 ஸ்டாப் இழப்பு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). சூப்பர் ஆங்குலான் வகையில், ஓரத்திலிருந்து பார்க்கும்போதும் துளை அகன்று தெரியும் வகையில் வடிவமைத்திருப்பதால் இழப்பு சற்றுக் குறைவு. 1900இல் கோயர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஹைப்பர்கான் லென்ஸில், ஒளி பதியும்போதே லென்ஸின் முன்னால் நட்சத்திர வடிவ விசிறி ஒன்றைக் காற்றூதிச் சுழலவிட்டு நடுப்பகுதியின் ஒளியைக் குறைத்தார்கள். இன்று அந்த வேலையைச் செய்வது நடுவில் கருத்து ஓரத்தில் தெளிந்த சென்டர் ஃபில்டர். அது சரியாக வேலை செய்ய, லென்ஸின் முழுத் திறப்பிலிருந்து இரண்டு ஸ்டாப்பாவது சுருக்க வேண்டும். நெகட்டிவ் ஃபிலிம் பயன்படுத்துபவர்கள் ஃபில்டர் இல்லாமலும் சமாளிக்கலாம்: நடுப்பகுதிக்கு வேண்டியதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக முழுச் சட்டத்துக்கும் ஒளி கொடுத்துவிட்டு ஸ்கேனில் சரிசெய்யலாம். ஸ்லைடு ஃபிலிமில் இது நடக்காது.

படி 7: களத்தில்

ஃபிலிம் தளத்தைச் செங்குத்தாக வைத்து, மேலே அதிகம் வேண்டுமென்றால் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை உயர்த்துங்கள். தட்டைக் கேமராவில் மனிதர்களையும் வட்டமான பொருள்களையும் நடுவிலிருந்து 30 டிகிரிக்குள் வைத்து, ஓரங்களைப் பாறை, மரம், நீர் ஆகியவற்றுக்கு விடுவது நல்லது. மல்லசந்திரத்துக் கல்திட்டைகளை எடுக்கும்போது, பலகைக்கற்கள் ஓரத்தில் இருந்தால் கண்ணை உறுத்தாது. சுழல்லென்ஸில் ஒரு கூட்டத்தை எடுக்க நேர்ந்தால், அவர்களைக் கேமராவைச் சுற்றி வில்லாக நிறுத்துங்கள். படத்தில் நேர்வரிசையாக வருவார்கள்.

ஃபிலிமை முன்கூட்டியே சுற்றி வைக்காமல், எடுப்பதற்குச் சற்று முன் சுற்றுங்கள். நெடுநேரம் ஒரே இடத்தில் நின்ற ஃபிலிம், அதுவும் ஒகேனக்கல் சாரலின் ஈரத்தில், தளர்ந்து புடைக்கும்.

படி 8: ஸ்கேனும் திருத்தமும்

சட்டத்தின் கருப்பு விளிம்பும் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். திருத்தத்துக்கு ஒளியியல் மையம் எங்கே என்று தெரிய வேண்டும், விளிம்பு வெட்டப்பட்டால் அது தொலைந்துவிடும். இலவச மென்பொருளான ஹகின் இந்த வேலைக்குப் போதுமானது. தூக்குநூல் படத்தைத் திறந்து, தட்டைக் கேமரா என்றால் நேர்க்கோட்டு லென்ஸ் என்றும், சுழல்லென்ஸ் என்றால் உருளை வகை என்றும் குறித்து, பக்கவாட்டுக் கோணத்தை உள்ளிட்டு, ஒவ்வொரு நூலின் மேலும் நேர்கோட்டுப் புள்ளிகளை இட்டு, திரிபுக் கெழுக்களில் நடுவில் உள்ள ஒன்றை மட்டும் முதலில் கணக்கிடச் சொல்லுங்கள். மூன்றையும் ஒருசேர விட்டால், ஃபிலிமின் நெளிவையும் லென்ஸின் குறையாக எண்ணி மென்பொருள் திருத்திவிடும். அடுத்த ரோலில் அந்தத் திருத்தமே புதிய கோணலாகும். கிடைத்த எண்ணை அந்த லென்ஸின் பெயரில் சேமித்து வைத்தால் மறுபடி அளக்க வேண்டியதில்லை.

வடிவியலால் வரும் பருமனைக் குறைக்க வேண்டுமென்றால், அதே மென்பொருளில் வெளியீட்டை பானினி முறைக்கு மாற்றலாம். செங்குத்துக் கோடுகளும் மையத்தை நோக்கி ஓடும் கோடுகளும் நேராக நிற்க, ஓரத்து முகங்கள் இளைக்கும். குறுக்கே ஓடும் கோடுகள் மட்டும் சற்று வளையும். தெருக் காட்சிக்கு இது மிகப் பொருத்தம். அணைக்கட்டுக்குப் பொருந்தாது.

அச்சிடும் முன், படத்தை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று யோசிப்பதும் இதில் அடக்கம். குவியத் தூரத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கிடைக்கும் தூரத்தில் கண்ணை வைத்தால், ஓரப் பருமன் தானாகவே மறையும். 90 மி.மீ. லென்ஸில் எடுத்த 6×17 நெகட்டிவை ஐந்து மடங்கு பெரிதாக்கினால் 84 செ.மீ. அகலப் படம் வரும். அதைப் பார்க்க வேண்டிய தூரம் 45 செ.மீ. கையில் பிடித்துப் பார்க்கும் படமென்றால் திருத்தாமலே விடலாம். கூடத்துச் சுவரில் மாட்டி இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கப்போகிறார்கள் என்றால், பானினி முறையில் திருத்தியதை அச்சிடுங்கள்.